மலையாளத்து உழிச்சில்

ஆடி பிறந்து, கொங்கு நாட்டின் புழுதியெல்லாம் மேல்காற்றில் கிளம்பிப் பறக்கிற நாட்களில், கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் ரயில் வண்டி வாளையாற்றைக் கடந்து சிறிது தூரம் போனதும், அதுவரையில் வறண்டு வீசிக்கொண்டிருந்த காற்று, ஈரமும் சாரலும் கலந்த வேறொரு காற்றாக மாறிவிடுவதை அந்த மார்க்கத்தில் பிரயாணம் செய்தவர்கள் எல்லோரும் உணர்ந்திருப்பார்கள். வடக்கே நீலகிரிக்கும் தெற்கே ஆனைமலைக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை இடைவிட்டிருக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே தென்மேற்குப் பருவக் காற்றின் மிச்சம் நம் பக்கம் வந்து சேர்கிறது. அந்தக் காற்றை எதிர்த்துச் சென்றால், மழை பொழிகிற இடத்துக்கே போய்விடலாம். நான் மழையைத் தேடிப் போகவில்லை. ஆயினும் மழையில்லாத காலத்தில் இந்தப் பிரயாணத்தால் அதிகப் பிரயோஜனம் இராது என்று விஷயம் அறிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நான் காண விரும்பியது மலையாள தேசத்தில் உழிச்சில் என்று வழங்கும் அங்கமர்த்தனக் கலையை. அதற்கு உரிய மாதம் கர்க்கடகம். கர்க்கடகமோ நம்முடைய ஆடியேதான்.

நாற்று நட்டு முடிந்து, வெளியே செல்ல வழியில்லாமல் மழை அடைத்துக்கொண்டு, மாலைதோறும் வீடுகளில் ராமாயண பாராயணம் நடக்கிற இந்த மாதத்தை உடம்பைச் சீர்செய்துகொள்வதற்கென்று அந்நாட்டுப் பெரியோர்கள் ஒதுக்கிவைத்ததற்குக் காரணங்கள் உண்டு. மழைக்காலத்தில் ஜீரண சக்தி குன்றி வாதம் சீற்றமடைகிறது என்பது ஆயுர்வேதத்தின் சித்தாந்தம். வாதத்தைத் தணிப்பதில் எண்ணெய்க்கு நிகரான பொருள் வேறில்லை என்பதும் அந்த சாஸ்திரத்தின் துணிபு. இந்தப் பரிபாஷையை ஏற்காதவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: வெயிலும் வியர்வையும் இல்லாத குளிர்ந்த நாட்களில், வேலையிலிருந்து விடுபட்டு வீட்டிலேயே கிடக்க முடிகிற ஓர் உடம்புதான் நாட்கணக்கில் நீடிக்கும் எண்ணெய்ச் சிகிச்சைக்கு இசைந்து கொடுக்கும். கஞ்சி, பத்தியம், ஓய்வு என்பவற்றோடு சேர்த்தே உழிச்சிலை அவர்கள் நினைக்கிறார்கள். இதைத் தனியே பிரித்தெடுத்து ஒரு மணி நேரத்து இன்பமாக விற்பனை செய்வது பிற்காலத்து வழக்கம்; அத்தகைய கடைகளைப் பார்ப்பதற்கு மலை தாண்டிப் போக வேண்டியதில்லை. ஆட்டக்காரனுடைய உடம்பு, நோயாளியினுடைய உடம்பு, போர்ப்பயிற்சி செய்கிறவனுடைய உடம்பு ஆகிய மூன்றும் வெவ்வேறு தேவைகளுக்காக வெவ்வேறு விதமாகப் பக்குவப்படுத்தப்படுகிற இடங்களைப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பமாக இருந்தது.

முதலில் இறங்கியது ஷொறணூரில். ஆனைமலைப் பகுதியில் பிறந்து, நம் பொள்ளாச்சிச் சீமையின் ஆழியாற்று நீரையும் சேர்த்துக்கொண்டு, மொத்தம் 209 கிலோமீட்டர் ஓடி அரபிக்கடலில் கலக்கிற பாரதப்புழை, வேனிற்காலத்தில் மணலாகக் கிடப்பதற்கு மாறாக, இரு கரையும் தழுவிச் செம்மண் நிறத்தில் பெருகிக்கொண்டிருந்தது. பாலத்தைக் கடந்தால் செறுதுருத்தி. அங்கேதான் கேரள கலாமண்டலம் இருக்கிறது. மகாகவி வள்ளத்தோள் நாராயண மேனன், மணக்குளம் முகுந்தராஜாவின் துணையோடு லாட்டரிச் சீட்டு நடத்திப் பணம் திரட்டி 1930-இல் தோற்றுவித்து, பின்னர் இந்த நதிக்கரையில் நிலைபெறச் செய்த நிறுவனம் அது. வள்ளத்தோளுக்கு இளமையிலேயே செவிப்புலன் போய்விட்டது. காது கேளாத ஒரு கவிஞர், வாய் திறவாமல் கையாலும் கண்ணாலும் கதை சொல்லுகிற கதகளிக்குப் புனர்ஜன்மம் கொடுத்தார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

கதகளி நடிகன் நிற்கிற நிலையே சாதாரண தேகத்தால் தாங்கக்கூடியதன்று. முழங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் அகன்று வளைந்திருக்க, இடுப்பு தாழ்ந்து, முதுகு நிமிர்ந்து, பாதத்தின் வெளிவிளிம்பிலேயே உடலின் பாரம் முழுவதும் தங்கியிருக்க வேண்டும். அதன்மேல் உடுத்துக்கெட்டு என்னும் கனத்த பாவாடையும் கிரீடமும் ஏறிக்கொள்ள, இரவு முழுவதும் ஆட வேண்டும். இந்த அமைப்பைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவர்களுடைய எலும்பும் தசையும் இளக்கமாக இருக்கும்போதே உண்டாக்கிவிடுவதற்காகத்தான், ஒவ்வொரு மழைக்காலத்திலும் விடியற்காலையில் அவர்களுக்குச் சவிட்டி உழிச்சில், அதாவது காலால் மிதித்துச் செய்யும் உழிச்சில், நடைபெறுகிறது. ஆசிரியர் ஒருவரின் அநுமதியோடு, கூரையில் மழை விழுகிற சப்தத்தினிடையே, அந்த நீண்ட அறையின் ஓரத்தில் ஒதுங்கி நின்று நான் அதைக் கவனித்தேன்.

மாணவன் முதலில் தன் உடம்பெங்கும் எண்ணெய் பூசிக்கொண்டு, குதிப்பும் காலெடுப்புமாகிய அப்பியாசங்களை வியர்வை பெருகும் வரையில் செய்கிறான். உள்ளே சூடு ஏறிய பிறகுதான் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். முழங்கால்கள் இரு புறமும் மடிந்து விரிந்திருக்க, அடியில் துணித்திண்டுகள் வைக்கப்படுகின்றன. ஆசான் மேலே பொருத்தப்பட்ட கட்டையைக் கைகளால் பிடித்துக்கொண்டு, தம் பாரத்தில் எவ்வளவைப் பாதத்துக்கு விடுவது, எவ்வளவைக் கைகளில் நிறுத்திக்கொள்வது என்பதைக் கணத்துக்குக் கணம் மாற்றியவாறு, இடுப்பிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து முழங்காலுக்கும், மறுபடி முதுகின் வழியே தோளுக்கும், கையின் விரல்நுனி வரைக்கும் பாதத்தை வழுக்கிச் செலுத்துகிறார். முதுகெலும்பின்மீது பாதம் ஏறுவதே இல்லை. அதன் இரு மருங்கிலும் உள்ள தசையிலேயே செல்கிறது. புதிதாகச் சேர்ந்த சிறுவன் ஒருவன் வலி தாங்காமல் கண்ணீர் விட்டான். ஆசான் நிறுத்தவில்லை, ஆனால் அவருடைய பாதம் லேசானதை நான் கண்டேன். பிறகு அவர் என்னிடம், “அழுகிறவனுக்கு உடம்பு இறுகிவிடும், இறுகின உடம்பை மிதித்தால் ஒடியும், அதனால் அவன் மூச்சுக்காகக் காத்திருக்க வேண்டும்” என்றார்.

இரக்கத்தை அநுபவ ஞானமாகவே ஆக்கிக்கொண்ட பேச்சு அது. சூடேறிய தசையை மெதுவாக, சீரான அழுத்தத்தோடு, நாள் தவறாமல் நீட்டிக்கொண்டு வந்தால், அது எட்டுகிற எல்லை சிறிது சிறிதாக விரிகிறது. இழுப்பைக் கண்டு நரம்புகள் எழுப்புகிற எதிர்ப்பும் பழக்கத்தால் தணிகிறது. இதனால் இடுப்பு மூட்டு வெளிப்புறமாகத் திரும்பும் சக்தி வளர்கிறது. முழங்காலில் விழ வேண்டிய பாரம் இடுப்பில் தங்குகிறது. வயது முதிர்ந்தவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், முன்னெப்போதும் உடற்பயிற்சி செய்யாதவர்கள் ஆகியோர் வேடிக்கைக்காக இந்த மிதியுழிச்சிலை விரும்புவது தகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அது வளர்கிற உடம்புக்கென்று, ஒரு கலையின் பொருட்டு ஏற்பட்ட சிட்சை.

செறுதுருத்தியிலிருந்து பட்டாம்பி, வளாஞ்சேரி வழியாகக் கோட்டக்கலுக்குப் போகிற சாலை முழுவதும் கமுகும் தென்னையும் மழையில் நனைந்து நின்றன. ஊரை நெருங்கியபோதே கஷாயம் கொதிக்கிற மணம் வந்தது என்று எழுதினால் அது மிகையாகாது. 1902-ஆம் வருஷத்தில் பி. எஸ். வாரியர் இங்கே ஆரிய வைத்தியசாலையை ஆரம்பித்தார். அஷ்டவைத்தியர் என்னும் வைத்தியக் குடும்பங்களில் ஒன்றான குட்டஞ்சேரி மூஸ் அவர்களிடம் பாரம்பரிய முறையில் வைத்தியம் கற்ற அவர், மஞ்சேரியில் டாக்டர் வர்கீஸ் என்பவரிடம் மேனாட்டு வைத்தியத்தையும் சிரத்தையோடு பயின்றார். நோயாளி தன் வீட்டில் தானே இடித்துக் காய்ச்சிக் குடித்துவந்த கஷாயங்களையும் தைலங்களையும் ஒரே தரத்தில் தயாரித்துக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். 1939-இல் தம் சொத்தையெல்லாம் தர்ம ஸ்தாபனத்துக்கு உயில் எழுதிவைத்த அவர், அதே ஆண்டில் ஒரு கதகளிக் குழுவையும் நிறுவினார். ஆட்டத்தையும் சிகிச்சையையும் ஒரே மனிதர் போற்றி வளர்த்தது தற்செயலாக நேர்ந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் தேகத்தைப் பற்றிய ஒரே ஞானத்தின் இரு கிளைகள்.

உழிச்சில் என்ற பொதுப்பெயருக்குள் இங்கே எத்தனையோ கிரியைகள் அடங்கியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடிப்படையானது அப்யங்கம்: இளஞ்சூடான தைலத்தை மயிர்க்கால் படிந்திருக்கும் போக்கிலேயே, நீண்ட எலும்புகளின்மேல் நீளவாட்டிலும் மூட்டுகளின்மேல் வட்டமாகவும் தேய்ப்பது. இதை நாள்தோறும் செய்துகொள்ள வேண்டும் என்றும், அதிலும் தலை, காது, பாதம் ஆகிய மூன்றையும் விசேஷமாகக் கவனிக்க வேண்டும் என்றும் வாக்படர் அஷ்டாங்கஹிருதயத்தில் விதித்திருக்கிறார். முதுமையும் களைப்பும் வாதமும் விலகுவதும், பார்வை தெளிவதும், நல்ல உறக்கம் வருவதும் அவர் கூறும் பலன்கள். எண்ணெய் பூசின வண்டியச்சு எவ்வாறு உராய்வைத் தாங்கி நீடித்து உழைக்கிறதோ, அவ்வாறே தைலம் தேய்த்த தேகமும் என்று சரகர் சொல்லியிருப்பதும் பிரசித்தம். ஆனால் அஜீரணம் உள்ளவனுக்கும், கபம் மிகுந்தவனுக்கும், வாந்தி பேதி முதலிய சோதனங்களை அப்போதுதான் முடித்துக்கொண்டவனுக்கும் எண்ணெய் தேய்க்கலாகாது என்று அதே வாக்படர் அதே இடத்தில் தடுத்திருப்பதை, பலன்களை எடுத்துரைப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

தைலத்தைத் தேய்க்காமல் பொழிவது பிழிச்சில். ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த நீண்ட தோணியில் நோயாளி கிடத்தப்படுகிறார். தலைக்குக் குளிர்ச்சியான வேறு தைலம் வைத்து, கண்ணில் எண்ணெய் வழியாதபடி நெற்றியைச் சுற்றித் துணிவர்த்தி கட்டுகிறார்கள். பக்கத்துக்கு இருவராக நான்கு பணியாளர்கள் நின்று, சூடான தைலத்தில் தோய்த்த துணியை வலக்கையால் பிழிய, எண்ணெய் நீட்டிய கட்டைவிரல் வழியாக ஒரே தாரையாக இறங்குகிறது. இடக்கை அந்த எண்ணெயை உடம்பில் மெல்லத் தடவிக்கொண்டே செல்கிறது. உட்கார்ந்த நிலையில் தொடங்கி, மல்லாந்தும், இரு பக்கமும் ஒருக்களித்தும், குப்புறவும் கிடத்தி, முடிவில் மறுபடியும் உட்கார வைத்து, ஒரு மணி நேரத்துக்கு மேலும் இது நடைபெறுகிறது. ஆறிப்போகிற எண்ணெயை ஒருவர் சூடாக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர்களுக்கும், மூட்டுகள் இறுகிப்போனவர்களுக்கும் ஏழு நாள், பதினான்கு நாள் என்று நோய்க்கு ஏற்றபடி இதை விதிக்கிறார்கள்.

தசை மெலிந்து பலமிழந்தவர்களுக்கு ஞவரக்கிழி. ஏறக்குறைய 60 நாளில் விளைந்துவிடுகிற ஞவரை என்னும் நெல்லின் அரிசியை, குறுந்தோட்டி வேர்க் கஷாயமும் பாலும் கலந்து குழைய வேகவைத்து, துணிக் கிழிகளில் முடிந்து, மீதிப் பாலும் கஷாயமும் கலந்து காய்ந்துகொண்டிருக்கும் பாத்திரத்தில் அடிக்கடி தோய்த்து, உடம்பெங்கும் ஒற்றித் தேய்க்கிறார்கள். முடிவில் மேலே படிந்த அன்னப்பசையைத் தென்னையோலையால் வழித்தெடுத்து விட்டு மறுபடி தைலம் பூசுகிறார்கள். உண்ண வேண்டிய உணவை வெளியிலிருந்து ஊட்டுவதாகவே அவர்கள் கருதுகிறார்கள். நொச்சி, எருக்கு, ஆமணக்கு, புளி முதலிய இலைகளைத் தேங்காய்த் துருவலோடும் எலுமிச்சையோடும் எண்ணெயில் வதக்கிக் கட்டுகிற இலைக்கிழி, முதுகு வலிக்கும் மூட்டுப் பிடிப்புக்கும் உரியது. உடம்பு பருத்துக் கபம் மிகுந்தவர்களுக்கு எண்ணெயே உதவாது; கொள்ளு முதலியவற்றின் பொடியை உலர்ந்தபடியே மயிர்க்கால்களுக்கு எதிர்த்திசையில் அழுத்தித் தேய்க்கிற உத்வர்த்தனமே அவர்களுக்கு ஏற்றது. உறக்கம் கெட்டவர்களுக்கோ நெற்றிக்கு நான்கு அங்குல உயரத்தில் தொங்கும் பாத்திரத்திலிருந்து தைலமோ நெல்லிக்காய் சேர்த்துக் காய்ச்சிய மோரோ திரி வழியாக இடைவிடாமல் வீழ்கிற தாரை. அந்தச் சிகிச்சை பாதி நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளி உறங்கிவிடுவதும் உண்டு.

எந்தத் தைலம், எந்த மூலிகை என்று நானும் எல்லோரையும் போலவே விசாரித்துக் குறித்துக்கொண்டு வந்தேன்: க்ஷீரபலா, தன்வந்தரம், ஸஹசராதி, கொட்டஞ்சுக்காதி, கார்ப்பாஸாஸ்த்யாதி, முறிவெண்ணெய். க்ஷீரபலா என்னும் தைலத்தைப் பாலும் குறுந்தோட்டியும் சேர்த்து 101 முறை திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற முறையும் உண்டு. இவ்வளவையும் கேட்டுக்கொண்ட பிறகு, வேலை முடிந்து வராந்தாவில் கை துடைத்துக்கொண்டு நின்ற நடுத்தர வயதுப் பணியாளர் ஒருவரோடு பேச நேர்ந்தது. சில காலம் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவராதலால் தமிழ் நன்றாகப் பேசினார்.

“சேட்டா, இந்த வேலையில் எது கஷ்டம்?” என்று கேட்டேன்.

“எண்ணெய் ஊற்ற யாராலும் முடியும், சாரே. நாலு பேருடைய எட்டுக் கையும் ஒரே வேகத்தில், ஒரே பாரத்தில் போக வேண்டும். ஒரு பக்கம் சூடாகவும் ஒரு பக்கம் ஆறியும் விழுந்தால் நோயாளிக்கு நல்லதில்லை. அவருக்கு வாய் பேச வராமல் இருக்கலாம், அப்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் சூட்டை அறிய வேண்டும்” என்றார்.

மழை மாதங்களில் ஓய்வேயில்லாமல் வேலை இருக்கும் என்றும், எண்ணெயிலும் வெந்நீரிலும் ஊறி விரல்தோல் சுருங்கிப்போகும் என்றும், பல வருஷ உழைப்பில் தம்முடைய வலது தோளும் கட்டைவிரல் மூட்டும் ஓயாமல் வலிக்கின்றன என்றும், இரவில் தோழர்கள் ஒருவருக்கொருவர் பிடித்துவிட்டுக்கொள்வார்கள் என்றும் அவர் சொன்னார். தைலத்தின் பெயரைச் சொல்லுகிற வைத்தியரை நாம் வணங்குகிறோம். அந்தத் தைலத்தை நோயாளியின் உடம்பில் சேர்ப்பிக்கிற கையைப் பற்றி நினைப்பதில்லை. சிகிச்சையில் பாதி அந்தக் கையிலேயே இருக்கிறது என்பதைக் கோட்டக்கல்லில் நான் திட்டமாக உணர்ந்தேன். பெண் நோயாளிகளுக்குப் பெண்களே செய்கிறார்கள். அவர்களுடைய உழைப்பும் இதே கடினமுள்ளது. அவர்களுக்குக் கிடைக்கிற கூலியும் மதிப்பும், வைத்தியருக்குக் கிடைப்பவற்றில் ஒரு சிறு பாகமாகவாவது உயர வேண்டும்.

கையால் தொட்டுத் தேய்ப்பதில் அப்படி என்னதான் நிகழ்கிறது என்ற கேள்வியை மேனாட்டாரும் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். ஸ்டாக்ஹோமில் 1813-ஆம் வருஷம் தேகப்பயிற்சிப் பள்ளியை நிறுவிய பெர் ஹென்ரிக் லிங் என்பவரின் பெயரோடும், தடவுதல், பிசைதல், தட்டுதல் என்று முறைகளை வகுத்த டச்சு வைத்தியர் மெஸ்கரின் பெயரோடும் அவர்களுடைய அங்கமர்த்தனம் சேர்த்துப் பேசப்படுகிறது. அடிபட்ட இடத்தைத் தேய்த்தவுடன் வலி குறைவது ஏன் என்பதற்கு 1965-இல் மெல்சாக், வால் என்னும் இரு விஞ்ஞானிகள் விளக்கம் தந்தார்கள்: தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் பருத்த நரம்பிழைகள் கிளர்ச்சியுற்றால், வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே தடுக்கப்படுகிறது. குறைமாதக் குழந்தைகளை நாள்தோறும் மும்முறை மெல்ல நீவிவிட்டபோது, அவ்வாறு செய்யப்படாத குழந்தைகளைக் காட்டிலும் அவை 47 சதவிகிதம் அதிகமாக எடை கூடின என்று அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் குழுவினர் 1986-இல் வெளியிட்டார்கள். பேரக்குழந்தையைக் கால்களின்மேல் கிடத்தி எண்ணெய் நீவிக் குளிப்பாட்டுகிற நம் பாட்டிமார்களுக்கு இந்தச் செய்தி ஆச்சரியம் தராது.

இன்னொரு ஆராய்ச்சி, பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையைத் திருத்துகிறது. உழைத்துக் களைத்த தசையில் சேர்ந்த அமிலத்தை மசாஜ் பிழிந்து வெளியேற்றிவிடுகிறது என்று பலரும் சொல்லுகிறார்கள். கனடாவில் மெக்மாஸ்டர் சர்வகலாசாலையார் 2012-இல், இளைஞர்களைக் களைக்கும் வரையில் சைக்கிள் மிதிக்கச் செய்து, ஒரு காலை மட்டும் பத்து நிமிஷம் பிடித்துவிட்டு, இரண்டு கால்களின் தசைகளையும் ஒப்பிட்டார்கள். அமிலத்தின் அளவில் வித்தியாசமில்லை. ஆனால் பிடித்துவிட்ட காலில் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்தும், தசையணுக்களில் சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புகள் புதிதாகத் தோன்றுவதற்கான சமிக்ஞைகள் கூடியும் இருந்தன. ஆகவே உடம்பின் அழுக்கு, விஷம் எல்லாம் வெளியேறுகிறது என்று விளம்பரம் செய்வது வீண். இருக்கிற உண்மையே போதுமான பெருமை உடையது. அதுபோலவே காய்ச்சல் உள்ளபோதும், எலும்பு முறிந்து கூடாதிருக்கும்போதும், காலில் இரத்தம் உறைந்து வீங்கியிருக்கும்போதும் தேய்ப்பது ஆபத்து என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே தீங்கு விளையும்.

கோட்டக்கல்லிலிருந்து திரூருக்கு வந்து, ரயிலேறி வடக்கே சென்றேன். வடகரையைச் சூழ்ந்த பிரதேசம் கடத்தநாடு என்ற பழம்பெயர் உடையது. தச்சோளி ஒதேனனுடைய வீரத்தை வடக்கன் பாட்டுகள் இன்றும் பாடிக்கொண்டிருக்கிற பூமி. 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற மூதாட்டியாகிய மீனாட்சி குருக்கள் சிறுமியாக இருந்த காலந்தொட்டுக் களரி என்னும் போர்ப்பயிற்சியைப் பயின்று கற்பித்து வந்ததும் இந்த ஊரிலேதான். நான் சென்றது அந்த வட்டாரத்தில் உள்ள வேறொரு சிறு களரிக்கு. தரைமட்டத்துக்குக் கீழே தோண்டி, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக அமைத்து ஓலை வேய்ந்த கூடம்; கிழக்கே வாசல்; தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை என்னும் வழிபாட்டு மேடை; ஈரமண்ணும் எண்ணெயும் கலந்த வாசனை. பழசி ராஜாவின் எழுச்சியை அடக்கிய ஆங்கிலேயர் மலையாளத்தில் ஆயுதம் தாங்குவதைத் தடைசெய்தபோது, வாளை ஒதுக்கிவைத்த எத்தனையோ குருக்கள்மார், அதாவது களரி ஆசான்கள், எலும்பு கட்டுவதாலும் உழிச்சிலாலுமே குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அடிக்கக் கற்றவனே அடிபட்டதை ஆற்றவும் கற்றிருக்க வேண்டும் என்பது களரியின் நியதி.

நல்லெண்ணெய், ஆமணக்கெண்ணெய், நெய் ஆகிய மூன்றும் கலந்த முக்கூட்டு அங்கே வழங்குகிறது. உழிச்சிலை மூன்று வகையாகப் பகுத்திருக்கிறார்கள். களைப்பும் உடல்வலியும் தீர்வதற்குச் சுகத் திரும்மல். பயிற்சி செய்கிறவனுடைய உடம்பு வளைந்து கொடுப்பதற்கும் உறுதி பெறுவதற்கும் கச்சத் திரும்மல். சுளுக்கு, பிசகு, அடி ஆகியவற்றை மாற்றுவதற்கு ரக்ஷத் திரும்மல். மூன்றாவதைச் செய்பவருக்கு மர்ம ஸ்தானங்கள் கைவசமாகத் தெரிந்திருக்க வேண்டும். சுசுருதர் 107 மர்மங்களைக் கூறுகிறார். தெற்கே, 1956 வரையில் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த நம் கன்னியாகுமரிச் சீமையின் ஆசான்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 ஆக எண்ணுகிறார்கள். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகைத் தொக்கணத்தைச் சித்த வைத்திய நூல்கள் வகுத்திருப்பதையும் இங்கே நினைத்துக்கொண்டேன். நம்மிடத்திலும் இவ்வளவு செல்வம் இருந்தும், தமிழ் நாட்டில் முடி திருத்தும் நிலையத்தில் தலையைத் தட்டிவிடுவதோடு அநேகருடைய அநுபவம் முடிந்துபோகிறதே என்று வருத்தமாக இருந்தது.

களரியில் குருக்கள் யாரையும் பார்த்தவுடன் தொடுவதில்லை. நடக்கச் சொல்கிறார், உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்கிறார், என்ன தொழில், எந்தப் பக்கம் படுத்து உறங்குவது, பசி எப்படி என்றெல்லாம் கேட்கிறார். பிறகு, எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வியாக, “எத்தனை நாள் சும்மா இருக்க முடியும்?” என்று கேட்கிறார். உழிச்சில் எத்தனை நாள் நடந்ததோ அத்தனை நாளாவது அதற்குப் பின் நல்லிருக்கை இருக்க வேண்டும் என்பது அங்கே மாறாத விதி: பாரம் தூக்கலாகாது, நெடும் பிரயாணம் செய்யலாகாது, பகலில் உறங்கலாகாது, இரவில் கண் விழிக்கலாகாது, மழையிலும் குளிர்காற்றிலும் திரியலாகாது, எளிதில் செரிக்கும் உணவையே உண்ண வேண்டும். இளகிய தசையும் மூட்டும் தம் இடத்தில் உறுதியாக நிற்பதற்கு அந்த அவகாசம் தேவை என்கிறார்கள்.

நான் அங்கே இருந்தபோது நாமக்கல்லைச் சேர்ந்த லாரி டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். கண்ணூருக்குச் சரக்கு ஏற்றிவருகிற பழக்கத்தில் இந்தக் களரியைக் கேள்விப்பட்டாராம். இடுப்பிலிருந்து இடது கணுக்கால் வரையில் இழுத்துப் பிடிக்கிற வலி. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்து, அறுவைக்கு அவசியமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காகிதங்களைக் குருக்கள் பொறுமையாக வாங்கிப் பார்த்தார். முதலாளியிடம் பதினான்கு நாள் விடுப்புச் சொல்லி வந்திருப்பதாக டிரைவர் தெரிவித்ததும், “அப்படியானால் ஏழு நாள் உழிச்சில், ஏழு நாள் நல்லிருக்கை” என்றார் குருக்கள்.

அந்த அம்மாளுக்கு இது சம்மதமாக இல்லை. “பதினாலு நாளும் தேச்சு உட்டீங்கன்னா சுருக்காச் சரியாயிருமில்லைங்க? சும்மா இருக்கிறதுக்கு ஊட்டுக்கே போயிருவமுங்களே” என்றாள்.

“வீட்டுக்குப் போனால் தம்பி மறுநாளே வண்டியில் ஏறிவிடுவான், அம்மா” என்று கொச்சைத் தமிழில் சிரித்த முகத்தோடு சொன்னார் குருக்கள். “உழிச்சிலைக் குறைக்கிறேன், இருக்கையைக் குறைக்க மாட்டேன். ஏழு நாளும் சேரவில்லை என்றால் ஐந்தும் ஐந்துமாக வைத்துக்கொள்ளலாம். மீதியை அடுத்த கர்க்கடகத்தில் பார்க்கலாம்.”

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுப்பு நாட்களுக்குப் படிக்காசு கிடையாது என்பதையும், வடகரையில் தங்குவதற்கு ஆகிற செலவையும் அவள் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். பிறகு, பக்கத்திலேயே வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா, சமையல் செய்துகொள்ள இடம் உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தாள். குருக்களின் மகன் குடையை எடுத்துக்கொண்டு, தெருவின் கோடியில் உள்ள ஒரு வீட்டைக் காட்டுவதற்காக அவளை அழைத்துச் சென்றான். மறுநாள் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரும்படி டிரைவருக்குச் சொல்லப்பட்டது.